பாதாளச் சாக்கடை ஒப்பந்தம் மன்றத்துக்கு வருமுன் படிக்க வேண்டியவை

காவிரி டெல்டாவின் ஒரு நகராட்சியில் தனியார் பங்கேற்புடன் பாதாளச் சாக்கடைத் திட்டம் மன்றத்தின் முன் வரும்போது, உறுப்பினர்களுக்குத் தரப்படும் பொருள் குறிப்பு திட்ட மதிப்பையும் அனுமதி கோரும் வாசகத்தையும் தாண்டி அதிகம் சொல்லாது. ஆகவே முதலில் ஒப்பந்த வரைவையும் அதன் பின்னிணைப்புகள் அனைத்தையும் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். படிக்க அவகாசம் கிடைக்கும்வரை பொருளை ஒத்திவைக்கவும் கோர வேண்டும். மன்றத்துக்கு வெளியே இருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தினர், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், டெண்டர் விளம்பரம் வந்தவுடனேயே மனுவை அனுப்பிவிடுவது நல்லது.

வரைவை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர் வரையறைகளிலேயே களைத்துப்போவார். பணம் செலுத்தும் முறையைச் சொல்லும் பின்னிணைப்பையே முதலில் திறக்க வேண்டும். நகராட்சி எதற்காகப் பணம் தருகிறது, குழாய் பதித்ததற்கா, நிலையம் தயாராக நிற்பதற்கா, உள்ளே வரும் நீரின் அளவுக்கா, வெளியேறும் நீரின் தரத்துக்கா என்பதுதான் அங்கே தேட வேண்டிய விடை. கங்கைத் தூய்மைத் திட்டத்தில் 2017இல் வாரணாசிக்கும் அரித்துவாருக்கும் கையெழுத்தான ஒப்பந்தங்களில், கட்டுமானச் செலவில் 40 விழுக்காடு கட்டும் காலத்திலேயே தரப்படுகிறது. மீதி 60 விழுக்காடு, நிலையம் ஓடத் தொடங்கிய பின் 15 ஆண்டுகளுக்குத் தவணைகளாக, பராமரிப்புக் கட்டணத்தோடு போகிறது. கட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாதபடி நிறுவனத்தைப் பிடித்து வைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே தவணையைத் தாங்குவது ஒன்றிய அரசு. அதே முறையை நம் ஊருக்குக் கொண்டுவருபவர்கள், 15 ஆண்டுத் தவணையைச் சொத்துவரி வசூல் தாங்குமா, தாங்காத ஆண்டில் மாநில அரசு பொறுப்பேற்குமா என்பதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

அடுத்து, நிலையத்தின் கொள்ளளவைத் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது நடைமுறையிலுள்ள தேசிய அளவுகோல். அதில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராகும் என்று கொள்வது வழக்கம். ஒரு லட்சம் மக்களுள்ள ஊருக்கு இது நாளொன்றுக்கு 1.08 கோடி லிட்டர். ஊரில் உண்மையில் கிடைக்கும் நீர் 90 லிட்டர்தான் என்றால் கழிவுநீர் 72 லட்சம் லிட்டராகக் குறையும். வீடுகளில் பாதிக்குத்தான் இணைப்பு கிடைத்தது என்றால் அதிலும் பாதி. வீட்டு ஆழ்துளைக் கிணறுகள் இந்தக் கணக்கைச் சற்று உயர்த்தும் என்பது உண்மைதான். ஆயினும், எவ்வளவு கழிவுநீர் வந்தாலும் நிறுவனத்துக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை முழுக் கொள்ளளவின் அடிப்படையில் எழுதப்பட்டிருந்தால், வராத கழிவுநீருக்கும் ஊர் பணம் கட்ட நேரும்.

தேவையை மிகுத்து மதிப்பிடுவதன் விளைவைக் காட்ட திருப்பூர் போதும். நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் வழங்கும் அளவில், 30 ஆண்டு உரிமத்துடன் தனியார் பங்கேற்பில் அமைந்த அந்தக் குடிநீர்த் திட்டம் சாயப்பட்டறைகளையே பெரிய வாடிக்கையாளராக நம்பியிருந்தது. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் விற்பனை சரிந்து நிறுவனம் கடன் நெருக்கடியில் விழுந்தது. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் இதற்கு நேர்மாறு. 1990களின் இறுதியில் அந்த நகராட்சி வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையை மக்களிடமிருந்து பெற்றே வேலையில் இறங்கியது. சுத்திகரிப்பு நிலையம் மட்டும் கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையில் தனியாரிடம் போனது. பணம் கட்டியவர் இணைப்புக் கேட்டு வருவார் என்பதால், எத்தனை வீடுகள் சேரும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எனவே வீட்டு இணைப்பு வேலை யாருடையது, ஒவ்வோர் ஆண்டும் எத்தனை இணைப்பு, தவறினால் என்ன பிடித்தம் என்பவை வரைவில் இல்லாவிட்டால், அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பத் தயங்கக் கூடாது.

டெல்டாவுக்கே உரிய சிக்கல் நிலத்தடி நீர். மேட்டூர் அணை திறந்து ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தண்ணீர் ஓடத் தொடங்கினால் நிலத்தடி நீர் மேலேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருமட்டத்தை நெருங்கும். சாக்கடைக் குழாயின் இணைப்புகளிலும் ஆள்நுழைவுத் தொட்டிகளின் சுவர்களிலும் கசிவு இருந்தால் நீர் வெளியிலிருந்து உள்ளே புகும். ஏற்கெனவே பாதாளச் சாக்கடை உள்ள ஊரின் நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓடிய மணிநேரத்தை எழுதி வைக்கும் பதிவேட்டில் மே மாதப் பக்கத்தையும் நவம்பர் மாதப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். வீடுகளின் எண்ணிக்கை மாறாமலிருக்க, மழைமாதத்தில் மோட்டார் கூடுதலாக ஓடியிருந்தால் அந்த வேறுபாடு கழிவுநீரால் வந்ததன்று. லிட்டர் கணக்கில் பணம் தரும் ஒப்பந்தத்தில் அந்த ஊற்றுநீருக்கும் நகராட்சி விலை கொடுக்கும். அதோடு, நீர்த்துப்போன கழிவுநீரைத் தர வரம்புக்குள் கொண்டுவருவது எளிது என்பதால், குழாயைச் செப்பனிடாதவருக்கே லாபம் சேரும். இதைத் தடுக்க, உள்ளே வரும் நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையையும் (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்; மாசின் அளவுகோல்) வெளியேறும் நீரின் அதே தேவையையும் ஒப்பிட்டு, நீக்கப்பட்ட மாசின் எடைக்குக் கட்டணம் நிர்ணயிக்கும்படி கேட்கலாம். குறைந்தது, மழைக்கால வரத்துக்கு ஓர் உச்சவரம்பாவது வேண்டும்.

நிலம் தட்டையாக இருப்பதால் குழாய்க்குச் சரிவு கிடைப்பதில்லை. ஆழம் கூடும், நீரேற்று நிலையங்கள் பெருகும், மின்கட்டணம் ஏறும். மின்கட்டணம் யாருடையது என்பதை மட்டுமன்றி, மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபின் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. புயலை எதிர்பாராத பேரிடர் என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பொறுப்பிலிருந்து விலக்கும் விதியை இக்கரையோரத்தில் அப்படியே ஏற்க முடியாது. இங்கே புயல் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. ஜெனரேட்டர், டீசல் இருப்பு, எத்தனை மணிநேரத்துக்குள் மோட்டார் ஓட வேண்டும் என்பவை எண்ணிக்கையோடு எழுதப்பட வேண்டும். கும்பகோணத்தில் 2028இல் வரவிருக்கும் மகாமகத்தையும், வேளாங்கண்ணியின் செப்டம்பர் திருவிழாவையும் போன்ற கூட்டநாட்களின் வரத்தை யார் சமாளிப்பது என்பதற்கும் ஒப்பந்தத்தில் தனி விதி தேவை.

சட்டம் மாறினால் கூடுதல் செலவு யாருக்கு என்ற விதி சலிப்பூட்டும், ஆனாலும் விலை உயர்ந்தது. 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெருநகரங்களல்லாத ஊர்களுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவையின் வரம்பை லிட்டருக்கு 30 மில்லிகிராமாக வைத்தது; 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 10 மில்லிகிராமை வலியுறுத்தியது. முதல் நாளிலேயே கடுமையான வரம்புக்கு வடிவமைக்கச் சொல்வது, பின்னால் பேரம் பேசுவதைவிட மலிவு.

உரிய பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடைத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் சேர்த்தே தடை செய்கிறது. இறப்பு நேர்ந்தால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உயர்த்தியிருக்கிறது. துணை ஒப்பந்ததாரர் என்ற பெயரில் இப்பொறுப்பு கைமாறாதபடி விதியிருக்க வேண்டும். அடைப்பெடுக்கும் இயந்திரங்களின் எண்ணிக்கையும் பின்னிணைப்பில் இடம்பெற வேண்டும்.

வருவாயால் மட்டும் கட்டுபடியாகாத திட்டங்களுக்கு ஒன்றிய அரசு தரும் இடைவெளி நிதியை நம்பும் திட்டமானால், 2020இல் திருத்தப்பட்ட விதியைக் கவனிக்க வேண்டும். குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கு மூலதனத்தில் 30 விழுக்காடுவரை ஒன்றிய அரசும், மேலும் 30 விழுக்காடுவரை மாநில அரசும் தரலாம். ஆனால் இயக்கச் செலவு முழுவதும் திட்ட வருவாயிலேயே திரும்ப வேண்டும். அதாவது மாதக் கட்டணத்தை மன்றம் நினைத்தபடி குறைக்க இயலாது. கட்டணம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த விலைக் குறியீட்டின்படி ஏறும் என்பதைத் தீர்மானத்துக்கு முன்பே வார்டு குழுவில் படித்துக் காட்டுவது, பின்னர் எழும் தகராறுகளில் பெரும்பாதியைத் தவிர்க்கும்.

கடைசியாக ஒப்படைப்பு. ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே குழாய்களுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கவும், மோட்டார்களைச் சோதிக்கவும் நகராட்சி தானே நியமிக்கும் பொறியாளருக்கு உரிமை வேண்டும். கண்ட பழுதுகளுக்கான செலவை எஞ்சிய தவணைகளிலிருந்தே பிடித்துக்கொள்ளும் விதியும் அதோடு சேர வேண்டும். தவணைகள் எல்லாம் போய்ச் சேர்ந்தபின் செப்பனிடச் சொல்லி எழுதும் கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை.