டோஸைக் கூட்டினால் டி.க்யூ.இ. இறங்கியது

ஆர்.க்யூ.ஏ. 5 என்ற தரப்படுத்திய எக்ஸ்ரே கற்றையில், அதாவது 70 கிலோவோல்ட் அளவில், 21 மில்லிமீட்டர் அலுமினிய வடிகட்டி போட்டு, எங்கள் எக்ஸ்ரே டிடெக்டரை அளந்தேன். டோஸ் (கதிர்வீச்சின் அளவு) கூடக்கூட டி.க்யூ.இ. இறங்கியது; விழுந்த கதிர்களின் தகவலில் எவ்வளவை டிடெக்டர் படத்தில் காப்பாற்றுகிறது என்று சொல்லும் அளவு அது. எக்ஸ்ரே துகள்கள் ஒழுங்கில்லாமல் வந்து விழுவதால் வரும் குவாண்டம் இரைச்சல் மட்டும் இருந்தால் அப்படி நடக்காது. டோஸ்மீட்டரை மாற்றினேன், டங்ஸ்டன் விளிம்பை வைத்து எம்.டி.எஃப். என்ற கூர்மை அளவை மறுபடி எடுத்தேன். மூன்று நாள் வீண்.

அப்புறம் அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கழித்துப் பார்த்தேன். கழித்த படத்தின் மாறுபாடு (வேரியன்ஸ், அதாவது இரைச்சலின் அளவு) டோஸோடு நேர்கோட்டில் ஏறியது. தனிப் படத்தில் மட்டும் அது மேல்நோக்கி வளைந்தது. அப்படியானால் இரைச்சலில் ஒரு பகுதி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் நிற்கிறது! பிக்சல்களின் உணர்திறன் வித்தியாசத்தைச் சரிசெய்யும் கெயின் மேப்பைப் பார்த்தால், வெறும் 4 பிரேம்களின் சராசரி. அதன் இரைச்சல்தான் ஒவ்வொரு படத்திலும் முத்திரை மாதிரி விழுந்திருக்கிறது.

அதே கற்றையில் 64 பிரேம் எடுத்துப் புது மேப் போட்டேன். வளைவு நிமிர்ந்தது, டி.க்யூ.இ.யும் இறங்காமல் நின்றது. அப்பாடா!