கைக்குழந்தையோடு எழுதும் அம்மாமார் தவிர்க்க வேண்டிய பிழைகள்

வன்னியில் எந்தக் கத்தோலிக்கப் பங்கிலும் எந்தக் கிறிஸ்தவச் சபையிலும் எழுதக்கூடிய பெண் ஒருத்தியாவது இருப்பாள். பள்ளிக்கூடக் காலத்தில் தமிழ்த்தினப் போட்டியில் மாகாணம் வரை போனவளாக இருப்பாள். முதல் பிள்ளை பிறந்ததும் பேனையை வைத்துவிடுகிறாள். கேட்டால் "நேரம் எங்க?" என்பாள். நேரம் இல்லாதது உண்மைதான். ஆனால் எழுத்தைக் களவு வேலையாக நினைப்பதுதான் அதைவிடக் கூடக் கையைக் கட்டுகிறது. பிள்ளைகளுக்கும் கடவுளுக்கும் உரிய நேரத்தை எடுத்துத் தனக்குச் செலவழிக்கிறோம் என்ற எண்ணம் அது. கீழே சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை அதில் இருந்துதான் முளைக்கின்றன.

விடிய நாலு மணிக்கு எழும்பி எழுது என்பது முதலில் கிடைக்கும் அறிவுரை. இயேசு இருட்டோடு எழுந்து செபித்தார் என்று மாற்கு முதலாம் அதிகாரத்தையும் காட்டுவார்கள். அதே மாற்கு நான்காம் அதிகாரத்தில், புயலுக்குள் படகில் தலையணை வைத்து அவர் நித்திரை கொண்டதும் இருக்கிறது. இரவில் இரண்டு மூன்று தரம் பால் கொடுக்க எழும்பியவள் நாலு மணிக்கும் எழும்பினால், காலையில் புட்டுக்கு மாக் குழைக்கும்போதே கண் சொருகும். பின்னேரம் பிள்ளைகளில் எரிந்து விழுவாள். பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம் என்ற 127ஆம் சங்கீத வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். அதற்கு நேரே முந்திய வசனத்தைப் பாருங்கள்: அதிகாலையில் எழுந்து, நேரம் செல்லும்வரை உழைப்பது வீண், தமக்குப் பிரியமானவருக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்கிறது. கைக்குழந்தை இருக்கும் வரைக்கும் நித்திரை முதலில் வரட்டும்.

நீதிமொழிகள் 31ஐ வைத்துத் தன்னை அளக்கும் பிழையும் அப்படித்தான். அன்னையர் தினப் பிரசங்கத்தில் அந்தக் குணசாலியான பெண்ணைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கழுவாத சட்டியைப் பார்த்து மனம் நொந்துபோகிறோம். அந்தப் பெண்ணுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்பது 15ஆம் வசனத்தில் தெளிவாக இருக்கிறது. கணவன் கட்டாரிலும் தாய் வேறு ஊரிலும் இருக்க, தண்ணீரும் தானே அள்ளி இரண்டு சின்னனுகளை வளர்ப்பவள் அந்த அளவுகோலில் ஏன் நிற்க வேண்டும்? இன்னொன்று, அந்த அதிகாரத்தின் முதல் வசனம் இது லேமுவேல் அரசனுக்கு அவன் தாய் கற்பித்த வார்த்தை என்கிறது. ஒரு தாயின் சொல் வேதாகமத்தில் ஏறியிருக்கிறது. எழுத நினைக்கும் அம்மாமார் அந்த வசனத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

பெரிய நேரம் வரும் என்று காத்திருப்பது அடுத்தது. பெரியவன் பள்ளிக்கூடம் போகட்டும், சின்னவள் நேர்சரிக்குப் போகட்டும், புலமைப்பரிசில் முடியட்டும், ஓ.எல். முடியட்டும். இதற்குள் கை வசனம் கோர்க்க மறந்துவிடும். அடுப்படியில் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் ஒரு சி.ஆர். கொப்பியும் நூலில் கட்டிய பேனையும் தொங்கட்டும். சோறு கொதிக்கும் நேரத்தில் நாலு வரி போதும்: "குளக்கட்டில் இண்டைக்குக் கொக்கு இல்லை. வான்கதவு திறந்திட்டாங்கள் போல. மழை பெய்தால் ஆமைக்குக் குளிராதா எண்டு சின்னவள் கேக்கிறாள்." இது கதையல்ல. ஆனால் கதைக்கு வேண்டிய சொல்லும் காதும் இதில் உயிரோடு இருக்கும். இதையே உடனுக்குடன் முகநூலில் போட்டுத் தீர்த்துவிடாதீர்கள். விருப்பக்குறி விழுந்ததும் எழுதவேண்டும் என்ற தவிப்பு அடங்கிவிடும்.

ஒரு முழுக்கதைக்கு ஒரு மணித்தியாலமாவது ஒரேயடியாக வேண்டும். அதை ஒளித்து எடுக்காமல் கேட்டு எடுங்கள். "செவ்வாய் பின்னேரம் நாலிலிருந்து அஞ்சு வரைக்கும் நான் எழுதப்போறன் மாமி, பிள்ளையளைப் பாருங்கோ" என்று நாளையும் நேரத்தையும் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும். பொதுவாக "நேரம் தாங்கோ" என்றால் ஒருவருக்கும் விளங்காது. பிள்ளைகளுக்கும் அப்படியே. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தாய் சுசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பாதியளவு குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். மிஞ்சியவர்களுக்கு வாரத்தில் ஆளுக்கொரு மாலை ஒதுக்கித் தனியே இருந்து பேசினார். ஜோனுக்கு வியாழன். தன் நாள் எது என்று தெரிந்த பிள்ளை மற்ற நேரத்தில் அம்மாவை விடும். காலபோக நெல் விதைப்பும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் மட்டும் எதையும் திட்டமிடாமல் விடுவது நல்லது.

எழுதுகிறவள் என்று தெரிந்ததும் நத்தார் ஒளிவிழாவுக்கு நாடகம், திருவிழா மலருக்குக் கட்டுரை, பாதருக்குப் பிரியாவிடை வாழ்த்து என்று வந்து சேரும். வருடத்துக்கு ஒன்றை மனமாரச் செய்யுங்கள். மிச்சத்துக்கு மறுப்பது பாவமில்லை.

பிள்ளைகளை எழுத்துக்குப் பொருளாக்கும் பிழை எனக்கு மிகவும் கவலை தருவது. படுக்கையில் சலம் போனது, களவாகச் சீனி தின்றது, அப்பா எங்கே என்று இரவில் அழுதது எல்லாம் சபைப் பத்திரிகையில் நற்சிந்தனைக்கு உதாரணமாக வந்துவிடுகின்றன. ஊர் சின்னது. பெயரை மாற்றினாலும் ஞாயிறு பாடசாலையில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். ஏழு வயதில் வெட்கப்பட்ட பிள்ளை பதினேழில் அம்மாவுக்கு ஒன்றுமே சொல்லாது. விவரம் தெரிந்த பிள்ளையிடம் வாசித்துக் காட்டி, "போடட்டே?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்றால் போடக்கூடாது. கேட்க முடியாத வயதுப் பிள்ளையின் அந்தரங்கம் கொப்பியிலேயே இருக்கட்டும்.

2009இன் இறுதிப் போரை எழுதுகிற அம்மாமாருக்குத் தனியே சொல்ல வேண்டும். முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள் இன்று பிள்ளை வளர்க்கிறார்கள். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. பிள்ளைகளைப் படுக்கவைக்கும் நேரத்துக்கு முன்பு அதை எடுக்காதீர்கள். கை நடுங்கிக்கொண்டு வரும் அம்மாவின் முகத்தைச் சின்னப் பிள்ளை வாசித்துவிடும், காரணம் தெரியாமலே பயப்படும். பகலில், பக்கத்தில் யாராவது பெரியவர் இருக்கும்போது எழுதுங்கள். முடித்ததும் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் வாருங்கள். தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடமோ உளவள ஆலோசகரிடமோ போவது விசுவாசக் குறைவு ஆகாது. எழுதியதன் கடைசியில் கட்டாயம் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்க வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. ஆறுதல் வசனம் ஒட்டப்படாமலே அது வேதாகமத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியின் இழப்பை எழுதும்போது மட்டும் அவளிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எழுதியதை ஒரே இடத்தில் வைத்திருப்பது பலரும் யோசிக்காத பிழை. 1709இல் சுசன்னாவின் வீடு எரிந்தபோது அவர் எழுதியவையும் சாம்பலாகின. பிள்ளைகள் வேறு வேறு வீடுகளுக்குப் பிரிந்துபோக, விசுவாசப் பிரமாணத்துக்கான விளக்கத்தை மகளுக்குக் கடிதமாக எழுதினார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கொப்பிகளை விட்டுவந்தவர்களுக்கும், 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது அலுமாரி நனைந்தவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள் கொப்பிப் பக்கங்களைப் போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சிக்கும் ஒரு பிரதி அனுப்பி, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.