செட்டிநாட்டு வீட்டில் கிட்டார் பாட்டு பதிவு செய்ய

ஆஸ்திரேலியாவில் தானே எழுதிப் பாடுகிற இளசுகளுக்கு அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் 'ட்ரிபிள் ஜே' வானொலி புதுக் கலைஞர்களைத் தேடி நடத்தும் 'அன்எர்த்ட்' ஒரு பெரிய வாசல். மெல்போர்ன்காரரான மிஸ்ஸி ஹிக்கின்ஸ் பள்ளி நாளில் எழுதிய பாட்டை அக்கா அனுப்பிவைக்க, 2001-இல் அதில் வென்றார். 2004-இல் முதல் ஆல்பம் வந்தது. காரைக்குடியில் இருக்கும் நாம் நாமே பதிவு செய்து நாமேதான் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஃபோக்-பாப் என்ற எளிய மெட்டுப் பாட்டு வகையில் குரலும் ஒரு வாத்தியமும்தான் சரக்கு. குறையை மறைக்க டிரம்ஸ் வராது.

முதலில் அறை. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்துக் கூடத்தில், நின்று பாடினால் குரல் நிறைந்து கேட்கும். அதை நம்பி அங்கேயே மைக்கை நட்டுவிடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் ஒலியை உறிஞ்சுவதே இல்லை. எதிரொலி பதிவில் ஏறிவிட்டால் சுத்தமாக எடுக்க முடியாது, பிறகு சேர்ப்பதோ ஒரு நிமிட வேலை. வளவைச் சுற்றிய அறைகளில் சாமான் அடைந்துகிடக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'டிர்ர்' என்று அதிர்ந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. ஒரு சுவரை மூடினாலே அடங்கும். இலவம்பஞ்சு மெத்தைகளை மைக்கின் பின்னால் வைக்காமல் பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள், ஏனென்றால் முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் கேட்பது பாடுகிறவர் இருக்கும் அந்தப் பக்கத்தைத்தான். தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை.

நுண்ணிய ஒலியையும் பிடிக்கும், மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக் ஒன்று போதும். சிட்னி நிறுவனமான ரோடின் என்டி1 போன்றவற்றில் சொந்த இரைச்சல் மிகக் குறைவு. மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானைப் போட மறந்தால் சத்தமே வராது. கிட்டாரைத் தனியாக எடுத்தால் மைக் கிட்டார் கழுத்தில் 12-ஆவது ஃப்ரெட்டைப் (உலோகக் குறுக்குப் பட்டையை) பார்க்கட்டும், 25 செ.மீ. தள்ளி. துளைக்கு நேராக வைத்தால் 'கும்' என்று அடைக்கும். குரலுக்கு ஒரு சாண் தூரம், நடுவில் 'ப' போன்ற எழுத்துகளின் காற்றடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர். இரண்டையும் ஒரே மைக்கில் எடுப்பதானால் 40 செ.மீ. தள்ளி நெஞ்சு உயரத்தில் வையுங்கள். குரல் அமுங்கினால் மைக்கை ஏற்றுங்கள், கிட்டார் அமுங்கினால் இறக்குங்கள். பிறகு குரலையும் கிட்டாரையும் தனித்தனியாகத் திருத்த முடியாதுதான், ஆனாலும் இந்த வகைப் பாட்டுக்கு இதுவே பொருத்தம். பதிவு மென்பொருளில் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். உரத்த இடத்திலும் அளவு மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம்.

பழைய வயரிங்கில் எர்த் சரியில்லாத வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்' ஏறும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். மின்விசிறியும் கூடாது. விடியலில் மாடப்புறாவும் கோயில் ஒலிபெருக்கியும் உண்டு. மார்கழியில் காலைப் பதிவு என்ற நினைப்பே வேண்டாம். பகல் சாப்பாட்டுக்குப் பின் ஊர் அடங்கும். புழுக்கத்தில் சுருதி நழுவும், ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு டியூனரில் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கம்பியென்றால் முந்தின நாளே மாட்டி இழுத்துவிடுங்கள்.

ஏற்றுவதற்கு வேவ் (ஒலியைச் சுருக்காத) கோப்பாக எடுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எத்தனை சதவீதம் என்பதை அதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து போட்டுக்கொள்ளுங்கள்; பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் பதியும்போது அந்தக் கணக்கைத்தான் கேட்பார்கள்.