பாஸா, சீசனா? ராமநாதபுரம் கரையோரக் கல்லூரி மாணவர்களுக்கு

பஸ் பாஸுக்கோ, ரயிலில் மாதக்கணக்கில் போய்வரும் சீசன் சீட்டுக்கோ எழுதிக் கொடுக்கும் முன் ஒரு தாளில் உங்கள் வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள். வீட்டிலிருந்து எந்த வண்டி, எங்கே இறங்கி எதில் மாறுகிறீர்கள்? ஒவ்வொரு துண்டுக்கும் சலுகை வேறு. முழு வழிக்கும் ஒரே பாஸ் வாங்கினால் சும்மா கிடைப்பதற்கும் சேர்த்துப் பணம் கட்ட நேரும்.

மாணவிகள் முதலில் டவுன் பஸ் துண்டைக் கணக்கிலிருந்து அடித்துவிடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புறநகர் வண்டியில் இந்தச் சலுகை செல்லாது. போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

அடுத்து அரசுப் பேருந்து பாஸ். சேதுபதி அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரி என்றால் இலவசம். கீழக்கரைப் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகள் என்றால் பாதிக் கட்டணம், மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கல்லூரி அலுவலகம் வழியாகப் போகட்டும். போனபைடு சான்று (அந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று), அடையாள அட்டை, ஆதார் நகல், புகைப்படம் எல்லாம் கையில் இருக்கட்டும். ஏறும் இடத்துக்கு உங்கள் தெருவையோ குக்கிராமத்தையோ எழுதாமல், டிக்கெட்டில் அச்சாகும் ஸ்டேஜ் (கட்டணம் கணக்கிடும் நிறுத்தம்) பெயரையே எழுதுங்கள். அது பொருந்தாவிட்டால் தினமும் கண்டக்டரோடு வாக்குவாதம்தான். தனியார் பேருந்திலும் மினி பஸ்ஸிலும் இந்தப் பாஸைக் காட்டிப் பயனில்லை.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, பரமக்குடிக்காரர்களுக்கு உண்மையான லாபம் ரயிலில். பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு தீவிலிருந்தே ரயில் ஏறலாம். மாணவர் சீசனுக்கு 50 சதவீதச் சலுகை, வயது வரம்பு 25, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம், 27 வயது வரை. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இளங்கலை முடியும்வரை மாணவிகளுக்கு மாத சீசன் இலவசம். இதைத் தெரியாமல் பணம் கட்டும் வீடுகள் ஏராளம்.

சீசனுக்காகக் கல்லூரி முதல்வரிடம் வாங்கும் சான்றில் வயதும், வீட்டு முகவரியும், இரு நிலையப் பெயர்களும் தெளிவாக இருக்கட்டும். முதல் முறை கவுண்டரில்தான் வாங்க வேண்டும். ரயில்வே தரும் புகைப்பட அட்டையின் எண்ணைச் சீசன் சீட்டில் எழுத மறக்காதீர்கள். மறந்தால் பரிசோதகர் டிக்கெட் இல்லாத பயணமாகவே கணக்கில் எடுப்பார், அபராதம் குறைந்தது 250 ரூபாயும் கட்டணமும். முன்பதிவுப் பெட்டியில் ஏறினாலும் இதே தொல்லைதான். சீசனின் எல்லை 150 கி.மீ. என்பதால் ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரை ஒரே சீசன் கிடைக்காது.

மூன்று மாத சீசனுக்கு மாதக் கட்டணத்தில் 2.7 மடங்குதான். ஆனால் இடையில் செமஸ்டர் லீவு வந்தால் அந்த மிச்சமும் போய்விடும். காலண்டரை எடுத்து வகுப்பு நாட்களை எண்ணுங்கள். மாதம் 22 நாள் என்றால் போகவர 44 பயணம். ஒரு பயணத்துக்கான சாதாரண டிக்கெட்டை 44-ஆல் பெருக்கி, சலுகை சீசன் தொகையோடு ஒப்பிடுங்கள். பத்து நாள் மட்டுமே வகுப்புள்ள தேர்வு மாதத்தில் மூன்று மாதச் சீட்டு வேண்டாம், மாதச் சீட்டை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் ரயில் கிடையாது. அங்கே பாஸ் ஒன்றுதான் வழி; கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.