நைலானா, அசிட்டாலா, பீங்கானா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பாகம் கடைபவர்கள் விலைக்கு முன் ஈரத்தைப் பாருங்கள். பினாங்குக் காற்றில் நைலான் 6 தன் எடையில் 3 விழுக்காட்டுக்கும் மேல் நீரை உறிஞ்சி உப்பும். பொருத்தும்போது லேசாகச் சுழன்ற புஷ் (தண்டைத் தாங்கும் குழல் துண்டு), சில வாரங்களில் தண்டை இறுகப் பிடிப்பது இதனால்தான். துல்லியம் வேண்டுமா, அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கை எடுங்கள்.

அசிட்டாலை ஈரம் அதிகம் அசைக்காது, சூடு அசைக்கும். 100 மி.மீ. துண்டு 10 பாகை சூடேறினால் சுமார் 0.1 மி.மீ. நீளும், எஃகு அதில் பத்தில் ஒரு பங்குதான். 32 பாகைப் பட்டறையில் அளந்ததை 22 பாகைக் குளிரறையில் சரிபார்த்தால் அளவு நிச்சயம் தவறும். கடையும்போது 0.5 மி.மீ. மிச்சம் வைத்து, பிடியிலிருந்து கழற்றி ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு இறுதி வெட்டு போடுங்கள். பொருளுக்குள் தேங்கிய இறுக்கம் தளர அந்த ஒரு நாள் கட்டாயம் வேண்டும்.

மின்னணுச் சில்லுகளைத் தொடும் பாகமென்றால் சாதாரண அசிட்டால் கூடாது, மின்னூட்டம் தேங்கும். நிலைமின் கடத்தும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

250 பாகை வரை தொடர் சூடு என்றால் பீக் (PEEK) என்ற பிளாஸ்டிக். அதற்கும் மேலே, அல்லது கடும் தேய்மானத்துக்கு, அலுமினா என்ற பீங்கான். சுட்ட அலுமினாவை வைரச் சக்கரம்தான் தேய்க்கும். அதனால் மிகத் துல்லியமான அளவைத் தேவையான பரப்புக்கு மட்டும் கேளுங்கள். உள்மூலைகளைக் கூராக விடாதீர்கள், விரிசல் அங்கேதான் பிறக்கும். அடி விழும் இடத்துக்கு சிர்கோனியா என்ற பீங்கான் தாங்கும், ஆனால் சூடான நீராவியில் அது நாளடைவில் வலுவிழக்கும்.