ஓட்டலில் சாதாத் தண்ணீர்: அண்ணாச்சியிடம் எப்படிக் கேட்பது, என்ன செய்யச் சொல்வது

நெல்லை அல்வாவின் ருசிக்கே தாமிரபரணித் தண்ணீரைத்தான் காரணம் சொல்கிறோம். அதே ஊரில் சாப்பிட உட்கார்ந்ததும் "பாட்டிலா, சாதாவா?" என்கிறார் சப்ளையர். கேட்கிற தொனியிலேயே சாதா இளப்பமாகிவிடுகிறது. பலர் கூச்சத்தில் பாட்டில் சொல்கிறார்கள், சிலர் பயத்தில். அந்தப் பயம் ஆற்றின் மேல் இல்லை. மொட்டைமாடித் தொட்டியின் மேலும், விளிம்பில் சால்னா வாடை அடிக்கும் டம்ளரின் மேலும்தான். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் "பாட்டிலை நிறுத்துங்க" என்று போனால் பேச்சு கல்லாவிலேயே முடிந்துவிடும்.

போக வேண்டிய நேரம் மதியக் கூட்டம் கலைந்த பிறகு, பரோட்டாக் கல் சூடாகும் முன்: மூன்றரையிலிருந்து ஐந்து மணிக்குள். அங்கே வழக்கமாகச் சாப்பிடும் மூன்று நான்கு பேர் போதும். "அண்ணாச்சி, நாங்க தினமும் இங்கதான் சாப்பிடுதோம். தண்ணி விஷயத்துல கொஞ்சம் கூடமாட இருக்கோம், தொட்டிய ஒரு தடவ பாக்கலாமா?" என்று தொடங்கலாம். பாட்டிலில் அவருக்கு வருவது உண்மையான லாபம். அதை இல்லை என்று வாதாட வேண்டாம். ஒரு வாரம் எத்தனை பாட்டில் போகிறது, ஒன்றுக்கு என்ன நிற்கிறது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜில் அந்த இடத்தில் மோரும் நன்னாரி சர்பத்தும் வைத்தால் எவ்வளவு ஈடாகும் என்று அதே தாளில் கணக்குப் போடலாம்.

முதல் வேலை தொட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலிசெய்து, பாசியைத் தேய்த்துக் கழுவி, தேதியைத் தொட்டியிலேயே பெயின்டில் எழுத வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். வழியும் குழாயின் வாய்க்குக் கொசுவலை கட்டுங்கள். பிறகு குளோரின் சோதனை. மாநகராட்சித் தண்ணீர் குளோரின் கலந்துதான் வரும் என்றாலும் தொட்டியில் கிடக்கக் கிடக்க அது குறையும். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் சோதனைப் பெட்டியோடு வரும் மருந்தைச் சொட்டுவிட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்டாவிட்டால், 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி சோதியுங்கள். பொட்டலம் பிரித்து வெகுநாள் ஆன பவுடரில் வீரியம் இருக்காது.

அடுத்தது ஃபில்டர். இங்கேதான் காசு வீணாகிறது. விற்பவர் ஆர்.ஓ. (உப்பை நீக்கும் சவ்வு ஃபில்டர்) என்றுதான் சொல்வார். முதலில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் ஆர்.ஓ. தேவையில்லை, அது ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு விடும். தூசியைத் தடுக்கும் 5 மைக்ரான் வடிகட்டி, வாடையை இழுக்கும் கார்பன், அதற்குப் பின் கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கு போதும். போர் தண்ணீர் உவர்க்கிற ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் கணக்கு வேறு, அங்கே ஆர்.ஓ.வுக்கு நியாயம் உண்டு.

கார்பன், குளோரினையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபில்டரிலிருந்து வெளியே வந்த தண்ணீருக்குக் காவல் கிடையாது. அதைப் பிடித்து வைக்கும் டிரம்மை இரவில் காலிசெய்து, கழுவி, கவிழ்த்து வைக்க வேண்டும். நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைய தண்ணீரை ஊற்றினால் ஃபில்டர் வைத்ததே வீண். யு.வி. விளக்கு சுமார் 9,000 மணி நேரம்தான் உழைக்கும். அதன் பிறகும் நீலமாக எரியும், கிருமி சாகாது. ஆளுக்கு அரை லிட்டர் வைத்தால் 200 சாப்பாட்டுக்கு 100 லிட்டர். கூட்ட நேரத்தில் ஃபில்டர் ஈடுகொடுக்காது என்பதால், குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மைப் பதினொரு மணிக்குள் நிரப்பிவிட வேண்டும். கோடையில் காருகுறிச்சிப் பானை வைத்தால் இன்னும் நல்லது. அதற்கும் மூடியும் குழாயும் வேண்டும், மொண்டு எடுக்கக் கூடாது.

டம்ளர்: சோப்பு, நல்ல தண்ணீர், கடைசியில் கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் அரை நிமிடம். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிட வேண்டும். நாலு விரலை உள்ளே விட்டு நாலு டம்ளரைக் கவ்விக்கொண்டு வரும் பழக்கம் ஒன்றே, மேலே செய்த அத்தனையையும் கெடுத்துவிடும். தட்டில் அடுக்கி, அடியைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை. பாக்டீரியா மாதிரிக்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும். மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வந்த அறிக்கையைக் கல்லாவுக்கு மேலே ஒட்டலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆறு செம்மண்ணாக ஓடும்போது கலங்கலில் யு.வி. ஒளி ஊடுருவாது, வடிகட்டியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் கொதிக்கவைத்த சீரகத் தண்ணீர்தான் சரி. 2023 டிசம்பர் போல வெள்ளம் வந்து தரைத்தொட்டிக்குள் புகுந்தால், தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டு, பரிசோதனை முடிவு வரும்வரை பாட்டிலையே விற்கட்டும்.

கடைசியாகச் சப்ளையர். "பாட்டிலா, சாதாவா?" என்ற கேள்வியே வேண்டாம். இலை போட்டதும் டம்ளரை வைத்து, செம்பிலிருந்து ஊற்றிவிட வேண்டும். பாட்டில் வேண்டும் என்பவர் தானே கேட்டுக்கொள்வார்.