ரெய்டு சரிபார்ப்பும் திணறிய சர்வரும்: என் அனுபவம்

மாதத்தின் முதல் ஞாயிறு காலை மட்டும் எங்கள் மெயில் சர்வர் திணறும். உள்ளே நுழைந்து ஒரு கட்டளை தட்டினால் பதில் வர ஐந்தாறு விநாடி. ஓடும் வேலைகளைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் சிபியு சும்மா இருக்கும். வட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் மட்டும் எகிறி நிற்கும்.

ரெய்டின் (பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் அமைப்பு) நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்ததும் விடை கிடைத்தது. "செக்", அதாவது சரிபார்ப்பு, ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் டெபியன் லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான், அந்த ஞாயிறு நள்ளிரவு 12:57-க்கு ரெய்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கத் தொடங்கிவிடும். அதன் உச்ச வேகம் இயல்பாகவே விநாடிக்கு 2,00,000 கேபி. சுழலும் வட்டுக்கு இது வரம்பே இல்லாத மாதிரி. மற்ற வேலை வந்தால் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) விட்டுக்கொடுக்கும்தான், ஆனால் மெயிலை வட்டில் எழுதும் சின்னச் சின்ன வேலைகளுக்காக வட்டைப் படித்து எழுதும் ஹெட் அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடுகிறது.

ரூட்டாக (நிர்வாகியாக) நுழைந்து, அந்த உச்ச வேகத்தைக் குறிக்கும் ஸ்பீடு லிமிட் மேக்ஸை 30,000 கேபி ஆக்கினேன். கொஞ்ச நேரத்திலேயே மெயில் பெட்டி சட்டென்று திறந்தது! அப்புறம் ரீபூட்டிலும் நிலைக்க கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கன்ட்ரோல் கோப்பில் எழுதிவைத்தேன்.

4 டிபி வட்டுக்கு இப்போது சுமார் 36 மணி நேரம் ஆகிறது. ஆகட்டும். சரிபார்ப்பையே நிறுத்திவிடாதீர்கள், ஒளிந்திருக்கும் பழுதான செக்டர்களை அதுதான் காட்டிக்கொடுக்கும். வட்டு மாற்றி ரீபில்டு (புது வட்டில் தரவை மீண்டும் நிரப்புவது) ஓடும்போது மட்டும் வரம்பை மறக்காமல் உயர்த்திவிடுங்கள்.